இமில்சில் முதல் மாமல்லபுரம் வரை: ஒரு மக்கள் கூட்டமும் அதன் சான்றும்

(செங்கல்பட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1980ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி, அல்ஜீரியாவின் திசி உசூ பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு நடந்திருக்க வேண்டும். பேச வந்தவர் மூலூத் மம்மெரி. நாவலாசிரியர், தம் மக்களின் வாய்மொழி மரபைத் தேடித் தொகுத்தவர். எடுத்துக்கொண்ட பொருள், காபில் மக்களின் பழங்கவிதைகள். கூட்டம் நடக்கக்கூடாது என்று அதிகாரிகள் தடை போட்டார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 20 அன்று காவல்படை பல்கலைக்கழகத்துக்குள்ளேயே புகுந்தது. அந்த மாதங்களைப் பெர்பெர் வசந்தம் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பழம்பாட்டைப் பற்றிய ஓர் உரையைத் தடுக்கப்போய், ஓர் இனத்தின் எழுச்சிக்கு அரசே நாள் குறித்துக் கொடுத்தது.

பெர்பெர் என்று பிறர் சொல்லும் அந்த இனம்தான் அமாசிக். அரபு மொழி வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வட ஆப்பிரிக்காவில் வாழ்பவர்கள். மொராக்கோவின் அட்லஸ் மலையில் இருக்கிறார்கள், அல்ஜீரியாவின் காபில் குன்றுகளில் இருக்கிறார்கள், சகாராவில் துவாரெக் மக்களாக ஒட்டகத்தோடு திரிகிறார்கள், எகிப்தின் சீவா பாலைச்சோலை வரை பரவியிருக்கிறார்கள். திசி உசூவுக்குப் பின் அவர்கள் வென்றவை பல. மொராக்கோ 2001இல் அமாசிக் பண்பாட்டுக்கென்று ஒரு நிறுவனம் அமைத்தது. 2003இல் அவர்களுடைய திஃபினாக் எழுத்தைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டது. 2011இன் அரசியல் சட்டம் அவர்கள் மொழியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது. அல்ஜீரியா 2016இல் அதையே செய்தது. அவர்களுடைய புத்தாண்டான யென்னாயர் இன்று இரு நாடுகளிலும் அரசு விடுமுறை.

நான் அந்த மலைகளில் பயணியாகத் திரிந்தவன். திரும்பி வந்து எழுதியபோது கம்பளங்களைப் பற்றியும், வெள்ளி அணிகளைப் பற்றியும், புதினாத் தேநீரைப் பற்றியும் எழுதினேன். இன்று அவற்றைப் பேசப் போவதில்லை. இமில்சிலில் பார்த்த ஒரு கூடாரத்தைப் பற்றியும், அதே கூடாரம் நம் மாமல்லபுரம் கரையில் ஏன் இல்லை என்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

இமில்சில் அட்லஸ் மலையின் உயரத்தில் இருக்கும் சிற்றூர். பக்கத்தில் இரண்டு ஏரிகள், இஸ்லி, திஸ்லித். மணம் முடிக்க விடாமல் தடுக்கப்பட்ட காதலர் இருவர் அழுத கண்ணீர்தான் இந்த ஏரிகள் என்று கதை சொல்வார்கள். பனி விழுந்து பாதைகள் அடைபடுமுன், ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில், அய்த் ஹதிது குலத்தார் அங்கே கூடுவார்கள். ஆடும் கோவேறு கழுதையும் விலைபோகும். குளிர்காலத்துக்கு வேண்டிய தானியமும் சர்க்கரையும் வாங்குவார்கள். கூடவே கல்யாணமும் முடிப்பார்கள். கைம்பெண்களும் மணமுறிவு பெற்றவர்களும் அங்கே புதுத் துணையைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, ஒளிக்கவேண்டியதும் இல்லை. வெளிநாட்டுப் பயணிகள் இதை மணமகள் சந்தை என்று பெயர் வைத்துப் படம் எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் பெயரில் இருக்கும் அவமானம் அந்த மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கூட்டத்தின் நடுவே அரசு ஒரு கூடாரம் போட்டிருக்கும். உள்ளே மணப்பதிவு எழுதும் அலுவலர்கள் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மணமக்கள் வரிசையில் நின்று பெயர் சொல்லி, உறவினரைச் சாட்சியாக நிறுத்தி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போவார்கள். மலை மக்கள் நகரத்து அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், அவர்கள் கூடும் நாளில் அரசு அவர்களிடம் போகட்டும் என்பதுதான் அந்தக் கூடாரத்தின் பொருள். அந்த அரசின் எல்லாச் செயலையும் நான் மெச்சவில்லை. அமாசிக் மக்கள் இன்றும் அதனோடு பல வழக்குகளை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கூடாரத்தை மெச்சுகிறேன்.

இனி நம் கரைக்கு வருவோம்.

மாசி மகம். பௌர்ணமி. அன்று தமிழகக் கடற்கரை எங்கும் கோயில் மூர்த்திகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருளுவார்கள். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாளும் எழுந்தருளுவார். ஆனால் முந்தின நாளே அந்தக் கரையின் மணலை நிறைத்துவிட்டவர்கள் இருளர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் என்று பல திசைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். நாலு கழி நட்டுப் பழைய புடவையைச் சுற்றிக் கட்டினால் வீடு. கல் மூன்று வைத்தால் அடுப்பு. கடற்கரைக் கோயிலின் நிழலை ஒட்டி ஓர் ஊரே ஓர் இரவுக்கு முளைத்துவிடும்.

அவர்கள் கும்பிட வந்திருப்பது கன்னியம்மனை. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட தாயை வேண்டி வீட்டுக்கு அழைத்து வருவதாகச் சொல்வார்கள். ஆகவே அங்கே தேர் இல்லை, பல்லக்கு இல்லை, ஐயர் இல்லை. இருட்டு விலகும் முன் அலை தொடும் இடத்தில் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டுகிறார்கள். ஏழு கன்னிமாருக்கு ஏழு. மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், கற்பூரம். பெண்கள் அலையில் முழுகி எழுந்து வருவார்கள். அவர்களில் சிலருக்குச் சாமி வரும். குடும்பத்தார் சுற்றி நின்று குறி கேட்பார்கள். அந்த வேளையில், சூரியன் எழும்போது, மணலிலேயே தாலி கட்டு நடக்கும். போன ஆண்டு பேசி வைத்த சம்பந்தம் இந்த ஆண்டு முடியும். இந்த ஆண்டு பார்த்த பெண்ணுக்கு அடுத்த ஆண்டு. குழந்தைக்கு மொட்டை, காது குத்து, பெயர் வைப்பது எல்லாம் இங்கேதான். பொழுது ஏறினால் புடவைகளை உருவி மடித்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவார்கள். மணற்படிகளை அலை கரைத்துவிடும்.

"எங்க ஆயாவும் இங்கதான் சார் தாலி கட்டிக்கிச்சு" என்று ஒரு நடுவயதுப் பெண் என்னிடம் சொன்னார். அவருடைய மகளுக்கு அன்று காலையில்தான் கல்யாணம் முடிந்திருந்தது.

கரையிலிருந்து நடக்கும் தொலைவில்தான் பல்லவர் செதுக்கிய பெரும்பாறை இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் அறிஞர்கள் இன்றும் வழக்காடும் பாறை. அதன் நடுப்பிளவில் நாகங்கள் கைகூப்பி மேலே எழுகின்றன. மேலே காட்டில் வில்லேந்திய வேடர்கள் நடக்கிறார்கள். இருளர்கள் அந்தப் பாறையில் இருக்கிறார்களா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியாது. சிற்பத்தைக் காட்டி ஒரு மக்களுக்குப் பழமை தேடுவது எனக்கு உடன்பாடும் இல்லை. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் கல்லுக்கு 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற காப்பு இருக்கிறது. அதன் அடிவாரத்தில் உயிரோடு கூடும் மக்களின் மரபுக்கு என்ன காப்பு இருக்கிறது என்பதே என் கேள்வி.

இருளர்கள் யார்? தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் மலையாளி என்ற பழங்குடியினருக்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில் பெரியவர்கள். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,90,000 பேர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு சேர்த்து மிகவும் நலிந்த பழங்குடி என்று ஒன்றிய அரசு தமிழ்நாட்டில் வகைப்படுத்திய ஆறு குழுக்களில் ஒருவர். நீலகிரிப் பக்கத்து இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. நம் சமவெளி இருளர்கள் தமிழ்தான் பேசுகிறார்கள். பழைய நூல்கள் இப்பகுதி இருளரை வில்லியர் என்றும் குறிக்கின்றன. 1882இன் சென்னை வனச் சட்டம் வந்து காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்ட பிறகு, தேனும் கிழங்கும் மூலிகையும் விறகும் எடுத்த இடமெல்லாம் வனத்துறையின் எல்லைக்குள் போயிற்று. காட்டில் இருந்தவர்கள் ஏரிக்கரைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் வந்தார்கள். தோப்புக்குக் காவல் இருந்தார்கள். அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்தார்கள். பாம்பைப் பிடித்துத் தோலை விற்றார்கள்.

பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த மாவட்டம் நாட்டுக்குச் செய்யும் பெரிய உதவி அதில் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு அது தெரியாது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. சட்டம் சரியானதுதான். கணக்கில்லாமல் பாம்பு செத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரே நாளில் இருளர் அடுப்பு அணைந்தது. அப்போது ராமுலஸ் விட்டேக்கர், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர், இருளர்களோடு காட்டில் அலைந்து தொழில் கற்றவர், ஒரு வழி சொன்னார். பாம்பைக் கொல்ல வேண்டாம், நஞ்சை எடுத்துவிட்டு விட்டுவிடலாம். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இன்றும் இயங்குகிறது.

அங்கே நான்கு பாம்புகளுக்குத்தான் இடம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்தியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த நான்கினால்தான் சாகிறார்கள். பிடித்து வந்த பாம்பை மணல் பரப்பிய மண்பானையில் விட்டு, பானையின் வாயைப் பருத்தித் துணியால் கட்டி வைப்பார்கள். மூன்று வாரம் போல வைத்திருந்து, இடையிடையே நாலு தடவை நஞ்செடுப்பார்கள். கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய ரப்பர் தோலை இழுத்துக் கட்டி, அதைக் கடிக்க வைத்தால், சில துளி மஞ்சள் நீர் இறங்கும். அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு மறுபடி காட்டில் விடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபடாமல் இருக்க அந்த அடையாளம். உலர்த்திப் பொடியாக்கிய நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நஞ்சுமுறி மருந்து ஆக்குகிறார்கள். நாட்டில் தயாராகும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சிறு சங்கத்திலிருந்து போகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்யும் ஏழைகள். பிழைத்தவர் ஒவ்வொருவரின் இரத்தநாளத்திலும் ஏறிய மருந்துக்குப் பின்னால், பெரும்பாலும், நம் மாவட்டத்து முட்புதரில் குனிந்து தடம் பார்த்த ஓர் இருளரின் கண் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே இனப் பாம்பின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுபடுகிறது என்று இப்போது ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ராஜஸ்தானில் கடித்த பாம்புக்குச் செங்கல்பட்டு நஞ்சிலிருந்து செய்த மருந்து முழுமையாக வேலை செய்யாமல் போகலாம். இது இருளரின் குறை அல்ல. மற்ற மாநிலங்கள் இப்படி ஒரு சங்கத்தை இத்தனை ஆண்டுகளாக உருவாக்கவில்லை.

தடம் பார்ப்பது என்றேன். புழுதியில் கிடக்கும் கோட்டைப் பார்த்துப் பாம்பு எந்தப் பக்கம் போனது, எப்போது போனது, எந்த வகை என்று சொல்லிவிடுகிறார்கள். வளை வாயில் ஒட்டியிருக்கும் பொருக்கு, எச்சம், உரித்த சட்டையின் துணுக்கு, இவையே அவர்களுக்குப் போதும். ஒரு கடப்பாரை, ஒரு துணிப்பை. பல வேளைகளில் கணவனும் மனைவியுமாகவே போகிறார்கள். சங்கத்தில் பெண்களும் உறுப்பினர்கள். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்கத் தெரியாமல் அந்த மாநிலம் திணறியபோது, இங்கிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வாழ்நாளில் பார்த்திராத நிலம், பார்த்திராத பாம்பு. இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் சென்னேரிக்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் அடைந்த பெருமிதம் இன்னும் குறையவில்லை.

பெண்களின் அறிவுக்கும் ஓர் அமைப்பு உண்டு. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைச் செடிகளை வளர்த்து, மருந்தாக்கி வருகிறது. காட்டுக்குள் போகும் உரிமை குறுகிய பிறகு, காட்டின் ஒரு துண்டைத் தாங்களே நட்டு வளர்த்தார்கள் என்பதுதான் அதன் சிறப்பு.

இத்தனையும் இருக்க, ஓர் இருளர் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுச் சாதிச் சான்றிதழுக்கு நிற்கும்போது நடப்பது என்ன?

பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தரவேண்டும். பொய்ச் சான்று வாங்குவோர் இருந்ததால் வந்த கட்டுப்பாடு அது. காரணம் நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டின் சுமை உண்மையானவர் தலையிலேயே விழுகிறது. அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள். செங்கல் சூளையில் பிறந்து, அரிசி ஆலையில் வளர்ந்து, சவுக்குத் தோப்பு வெட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன அப்பாவுக்குச் சான்று எங்கிருந்து வரும்? முன்பணம் வாங்கிய குடும்பம் சூளையை விட்டு நகரவே முடியாது. கொத்தடிமை முறையை 1976இலேயே சட்டம் ஒழித்துவிட்டது. அதற்கு வெகுகாலம் பின்னரும் மீட்கப்பட்ட குடும்பங்களில் இருளர் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. நிலையான முகவரி இல்லாதவரிடம் மூன்று தலைமுறைத் தாளைக் கேட்கிறோம். தாள் இல்லையென்றால் தோற்றத்தையும் தொழிலையும் பார்த்துத் தீர்ப்பு. "தமிழ்தானே பேசுறே, நீ எப்படிப் பழங்குடி?" என்ற கேள்வியைச் சந்தித்த பிள்ளைகளை நான் அறிவேன். சட்டையை மடித்துவிட்டுச் சுத்தமாகப் போனால் சந்தேகம். பாம்பு பிடிக்கத் தெரியாது என்றால் அதுவும் சந்தேகம். படிக்கப் போன பிள்ளைக்குப் பாம்பு பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

அமாசிக் மக்களுக்கு மொழி ஒரு கொடி. அதை ஏந்திப் போராட முடிந்தது. பலகையில் எழுதச் சொல்லலாம், பாடநூலில் சேர்க்கச் சொல்லலாம். நம் இருளருக்கு அப்படி ஒரு கொடி இல்லை. அவர்களுடைய தனித்தன்மை உறவுமுறையில் இருக்கிறது. யார் யாருக்குப் பெண் கொடுப்பார்கள், யார் வீட்டுச் சாவுக்கு யார் போவார்கள், எந்தக் கடற்கரையில் யார் பக்கத்தில் யார் புடவைக் கூடாரம் போடுவார்கள் என்பதில் இருக்கிறது. இதைத் தனி ஒருவரை அலுவலக மேசைமுன் நிறுத்திப் பார்க்க முடியாது. சொந்தங்கள் கூடுகிற இடத்தில்தான் பார்க்க முடியும். அப்படிக் கூடுகிற நாள் ஆண்டில் ஒன்று இருக்கிறது. தேதி பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகிறது. இடமும் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இமில்சில் கூடாரத்தை.

மாசி மகத்துக்கு முந்தின நாள் மாலையே மாமல்லபுரம் கரையில் கோட்டாட்சியரின் முகாம் ஒன்று இருக்கவேண்டும். செங்கல்பட்டுக் கோட்டம் மட்டும் போதாது. மக்கள் வரும் மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒருவர் வரவேண்டும். சான்று உள்ள குடும்பத்தின் சம்பந்தி, அக்கா மகன், தாய்மாமன் என்று உறவு சொல்லி நிற்பவரின் மனுவை அங்கேயே பெற்று, அங்கேயே சாட்சி கேட்டுப் பதியவேண்டும். மணலில் நடந்த கல்யாணத்துக்கு அன்றே பதிவு. பெயர் வைத்த குழந்தைக்கு அன்றே பிறப்புப் பதிவுக்கான மனு. சூளையிலும் ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவர் யாராவது அந்த ஒரு நாளுக்கு விடுப்புப் பெற்று வந்திருந்தால், அவர் பேச ஒரு தனி இடம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற அதிகாரத்தைக் கொண்டே செய்யலாம். நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டா வழங்க 2021 தீபாவளியன்று முதலமைச்சரே மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு வந்தார். தலைநகரத்து அதிகாரம் இந்தக் கரைவரை வர முடியும் என்பதை அன்று பார்த்தோம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இமில்சிலில் கேமராக்கள் வந்த பின் மணமகளிரின் எண்ணிக்கையைவிடக் கேமராக்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. பழங்குடித் திருவிழா என்று மேடை போட்டு, விளக்குத் தோரணம் கட்டி, சுற்றுலாப் பட்டியலில் சேர்த்து, இருளர் பெண்களை ஆடச் சொல்லும் நாள் இங்கே வந்துவிடக் கூடாது. சாமி ஆடுவது நிகழ்ச்சி அல்ல. கரையை ஒட்டி விடுதிகளும் மதில்களும் பெருகிக்கொண்டிருக்கின்றன. கூடாரம் போடும் மணல் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. அந்த மணற்பரப்பை மாசி மகத்து இரவுக்கு இருளருக்கு உரியதென்று உள்ளாட்சி அமைப்பும் வருவாய்த் துறையும் எழுத்தில் ஏற்கவேண்டும். குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும், கடலில் முழுகும் இடத்தில் உயிர்காப்பாளரும் வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல தலைமுறைகளாக அவர்களேதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த அவையில் வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் படிக்கும் இருளர் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, சான்று இல்லாதவர் யார் என்று தனியே குறித்து வையுங்கள். வழக்கறிஞர்கள் அந்தப் பட்டியலுக்கு மனு எழுதித் தாருங்கள். ஓய்வு பெற்ற அலுவலர்கள் எந்த மனு எந்த மேசையில் தங்கும் என்பதை அறிவீர்கள், அங்கே கூட வந்து நில்லுங்கள். தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் மாசி பௌர்ணமிக்குள் மனுக்களைத் தயார் செய்துவிடலாம். முகாம் வேண்டும் என்ற விண்ணப்பத்தை இன்றே எழுதி வந்திருக்கிறேன். வெளியே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.